ஜன்னலோரம் சுவர் ஊறுகிறதா? முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

பொங்கலுக்கு முன்னால் பெயிண்டரைக் கூப்பிடும்போதுதான் பல வீடுகளில் ஜன்னலோரத்து ஈரம் பேச்சுக்கே வருகிறது. ஜன்னலின் கீழ் மூலையில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். விரலால் அழுத்தினால் பூச்சு மாவாக உதிரும். பெயிண்டர் சுரண்டி, புட்டி வைத்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் அதே இடத்தில் அதே கொப்புளம், போன வருடத்தைவிடச் சற்று அகலமாக. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், மேற்கு மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் இது வருடாவருடம் நடக்கிறது. உள்ளே தெரிவது கறை மட்டும்தான். தண்ணீர் நுழையும் இடம் வெளியே இருக்கிறது, பெரும்பாலும் கறைக்கு நேராகக்கூட இருக்காது.

நம் ஊர் மழையின் திசையைத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான். கடலிலிருந்து சாய்ந்து வரும் மழை என்பதால் வடக்கு, கிழக்குப் பார்த்த ஜன்னல்கள் மணிக்கணக்கில் நனையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலத்தில் வரும் இடிமழை மேற்கிலிருந்து அடிக்கும். அது அரை மணி, ஒரு மணி நேரம்தான். ஆகவே மேற்கு ஜன்னலில் ஜூலையிலேயே கறை வந்தால் அங்கே ஓட்டை பெரியது என்று அர்த்தம்.

புயல் நாளில் மட்டும் ஒழுகுகிறது, மற்ற மழைக்கு ஒன்றுமில்லை என்பவர்கள் உண்டு. அதற்குக் காரணம் காற்றழுத்தம். மணிக்கு 47 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ 1 செ.மீ. உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும். 100 கிலோமீட்டர் காற்று 4.5 செ.மீ.க்கு மேல் தூக்கும். சில்லின், அதாவது ஜன்னலுக்கு அடியில் இருக்கும் மேடையின், உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 1 செ.மீ. மட்டுமே உயரமாக இருந்தால் சாதாரண மழையில் தப்பிக்கும், 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒரு நாளில் அறைக்குள்ளே ஊற்றும்.

கறை இருக்கும் இடமே ஓரளவு விஷயத்தைச் சொல்லிவிடும். ஜன்னலுக்கு மேலே, லிண்டல் (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம்) மட்டத்தில் கிடையாகக் கறை ஓடினால் சன்ஷேடும் சுவரும் சேரும் மூலையைச் சந்தேகப்படுங்கள். பக்கவாட்டில் நிலையை ஒட்டி நெட்டுக்குத்தாக வந்தால் மரநிலைக்கும் பூச்சுக்கும் நடுவே இடைவெளி. கீழ் இரண்டு மூலையிலும் மீசை மாதிரி இறங்கினால் சில்லில் வாட்டம், அதாவது தண்ணீர் வெளியே ஓடும் சரிவு, சரியில்லை. தரையிலிருந்து மேலே இரண்டு, மூன்று அடி வரை அறை முழுக்க ஒரே மட்டத்தில் ஏறியிருந்தால் அது தரையோதம். ஜன்னலில் என்ன செய்தாலும் நிற்காது. மழையே இல்லாத ஏப்ரலிலும் ஈரமாக இருந்தால் சுவருக்குள் போகும் குழாயைப் பாருங்கள், குறிப்பாகச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால்.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். முதலாவது பாலிதீன் சோதனை. 45 செ.மீ. சதுரத்துக்குக் கெட்டியான பாலிதீன் தாளை எடுத்து, கறைமேல் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் துளிகள் முத்துமுத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது. அறைப் பக்கத்தில் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். பெயிண்ட் உதிர்கிற இடத்தில் டேப் நிற்காது. உதிர்வதைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும்.

இரண்டாவது குழாய்ச் சோதனை. இதில் எல்லோரும் செய்யும் தவறு, மேலேயிருந்து தண்ணீர் அடிப்பது. மேலே அடித்த தண்ணீர் சன்ஷேடு, நிலை, சில் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டுதான் கீழே வரும். எது ஒழுகியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கீழேயிருந்து மேலே போங்கள். முதலில் சில்லுக்குக் கீழே உள்ள சுவர், அடுத்து சில், பிறகு இடது நிலை, வலது நிலை, மேல் நிலை, கடைசியில் சன்ஷேட்டின் மேல்புறம். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 நிமிடம், பீய்ச்சாமல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு சுவரைப் பார்த்தபடி நிற்கட்டும். 14 இஞ்ச் செங்கல் சுவர் என்றால் தண்ணீர் உள்ளே வர நேரமெடுக்கும். ஒரு நாளில் ஒரு பகுதி மட்டும் சோதித்து, காய விட்டு, அடுத்ததைத் தொடுவது நல்லது. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் தப்பான இடத்தை உடைப்பதைவிட இது மிக மலிவு.

சன்ஷேடு

பழைய வீட்டு ஜன்னல் ஈரத்தில் மிகுதியாகக் கவனிக்கப்படாத இடம் சன்ஷேட்டின் மேல்புறம். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது, மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்த இலை, புறா எச்சம், உடைந்த பூந்தொட்டி, அடியில் கறுப்பாகப் பாசி. சுவரோடு சேரும் மூலையில் முடி அளவு விரிசல். அந்த விரிசலில் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று துளிர்த்திருக்கும். அதன் வேர் விரிசலுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, அவ்வளவு தூரம் தண்ணீரும் போகிறது. கன்றைப் பிடுங்கினால் மேலே அறுந்து வரும், வேர் உள்ளே தங்கி மறுபடி துளிர்க்கும். உளியால் விரிசலைத் திறந்து வேரைத் தொடர்ந்து போய் எடுக்கத்தான் வேண்டும்.

சுத்தம் செய்தபின், சுவருக்கும் சன்ஷேட்டுக்கும் நடுவே உள்ள விரிசலை 10 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழத்துக்கு வெட்டித் திறந்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புங்கள். அதன்மேல் மூலையை 2 இஞ்சுக்கு 2 இஞ்ச் சரிவாகக் கலவையால் அணைக்க வேண்டும். நேர்மூலையில் எந்த வாட்டர் ப்ரூஃப் கோட்டும் மடங்கி வெடித்துவிடும். சரிவு இருந்தால் நிற்கும். மேல்புறம் வெளிப்பக்கமாக வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 2 அடி சன்ஷேட்டுக்கு 15 மி.மீ. இறக்கம் போதும். வாட்டம் கொடுக்கிறேன் என்று கனமாகக் கலவையை ஏற்றிவிடக் கூடாது; அது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை, எடை தாங்காது. பிறகு சிமென்டோடு கலந்து அடிக்கும் அக்ரிலிக் கோட்டிங் இரண்டு கோட். ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில், சுவர்மேல் 6 இஞ்ச் ஏற்றி.

சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில் முன் விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். கொத்தனார்கள் ட்ரிப் மோல்டு என்பார்கள். விளிம்பிலிருந்து 25 முதல் 30 மி.மீ. உள்ளே, 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கத்தைத் தழுவிக்கொண்டே பின்னால் போய் ஜன்னல் தலையில் இறங்கும். பழைய வீடுகளில் இந்தக் கோடு இருந்திருக்கும். 40 வருடமாக அடித்த சுண்ணாம்பும் பெயிண்டும் அதை மூடியிருக்கும். சுரண்டி எடுத்தாலே பாதி ஒழுகல் நிற்பதுண்டு. கோடே இல்லாவிட்டால் கட்டர் மெஷினால் புதிதாக வெட்டலாம் என்று தோன்றும். அடிப்பூச்சு மெல்லியதாக இருந்தால் வெட்டாதீர்கள், கம்பி வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் சிறிய அலுமினிய எல் ஆங்கிளை சீலன்ட் வைத்து விளிம்பை ஒட்டி ஒட்டினால் அதே வேலையைச் செய்யும்.

அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் விஷயம் வேறு. பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் என்று கடற்காற்று படும் இடங்களில் இது சீக்கிரம் வரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமன் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியின் பின்னால் 20 மி.மீ. இடம் கிடைக்கும்வரை கொத்தி, கம்பியைப் பளபளப்பு வரும்வரை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, எஸ்பிஆர் லேடெக்ஸ் (ரப்பர் பால் மாதிரியான திரவம்) கலந்த சிமென்ட் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். லேடெக்ஸ் விகிதம் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், டப்பாவில் போட்டபடி செய்யுங்கள். சன்ஷேட்டைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்புறம் இருக்கிறது. ஆகவே மேலே ஆழமாகக் கொத்தும் வேலை என்றால் கீழே முட்டுக் கொடுக்காமல் யாரையும் ஏற விடாதீர்கள். கம்பி கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். அதன்மேல் ஏசி அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே

தேக்கு நிலை மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். பூச்சு அசையாது. இரண்டுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி விழுவது இயற்கை. அதில் வெள்ளைச் சிமென்டையோ புட்டியையோ திணிப்பதுதான் நம் ஊர் வழக்கம். கெட்டியான பொருள் ஒரு கோடைக்குள் மீண்டும் விரிசல் விடும். இங்கே வேண்டியது இழுபடும் பொருள்.

இடைவெளியை 10 மி.மீ. அகலம், 20 மி.மீ.க்குக் குறையாத ஆழம் உள்ள நேரான பள்ளமாக வெட்டுங்கள். தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, முழுக்கக் காய விடுங்கள். அதற்குள் 12 அல்லது 13 மி.மீ. பேக்கர் ராடு, அதாவது பஞ்சு மாதிரியான ஃபோம் கயிறு, அழுத்தி வையுங்கள். அதற்கு மேல் சீலன்ட் 5 மி.மீ. கனம்தான். அகலத்தில் பாதி ஆழம் என்பது கணக்கு. ஃபோம் கயிறு இல்லாமல் பள்ளம் முழுக்க நிரப்பினால் சீலன்ட் பின்புறத்திலும் ஒட்டிக்கொண்டு இழுபட முடியாமல் கிழியும். ‘போன வருடம்தான் சீலன்ட் அடித்தோம், பிய்ந்துவிட்டது’ என்பதன் காரணம் அநேகமாக இதுதான்.

மேலே பெயிண்ட் அடிக்க வேண்டுமானால் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் வாங்குங்கள். சிலிக்கான்மேல் பெயிண்ட் ஒட்டாது. சிலிக்கான்தான் வேண்டுமென்றால் புளிச்ச காடி வாடை வராத நியூட்ரல் வகை. காடி வாடை வகை இரும்பையும் சுண்ணாம்பையும் அரிக்கும். 300 மி.லி. டியூப் ஒன்று மேலே சொன்ன அளவுக்கு 6 மீட்டர் ஓடும். 4 அடிக்கு 5 அடி ஜன்னலின் மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்து 14 அடி, அதாவது 4.3 மீட்டர், ஒரு டியூபில் முடிந்து கொஞ்சம் மிஞ்சும்.

பழைய மரஜன்னலை எடுத்துவிட்டு ஸ்லைடிங் அலுமினியமோ யூபிவிசியோ போட்டவர்கள் கவனிக்க: கீழ்த் தடத்தின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தடத்தில் சேரும் தண்ணீர் வெளியேறும் வழி அது. தெருத் தூசியும் கொசுவும் அடைத்துக்கொண்டால் தடம் தொட்டியாகி உள்பக்கம் வழியும். ‘இதுவும் ஓட்டைதானே’ என்று சீலன்ட்டால் அடைத்துவிட்டுப் போன வேலையாட்களும் உண்டு. பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு ஈர்க்குச்சியும் போதும். செப்டம்பர் கடைசியில் சுத்தம் செய்து, தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பாருங்கள்.

சில்

பூச்சாலேயே செய்த, சுவரோடு சமமாக நிற்கும், வாட்டமில்லாத சில் என்றால் மாற்றிவிடுவதே சரி. ஒட்டுப்போடுவதில் பயனில்லை. 18 முதல் 20 மி.மீ. கிரானைட் அல்லது கடப்பா கல் எடுத்து, வெளிப்பக்கமாக 10 செ.மீ.க்கு 1 செ.மீ. இறக்கம் கொடுத்து, சிமென்ட் 1, மணல் 4 கலவையில் பதியுங்கள். கல்லின் பின் விளிம்பு நிலைக்கு அடியில் 1, 2 செ.மீ. நுழைய வேண்டும். இரண்டு முனையும் பக்கச் சுவருக்குள் 1 இஞ்சாவது போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த முனைகளில்தான் மீசைக்கறை வரும். சுவரிலிருந்து வெளியே 40 மி.மீ. நீட்டி, அடியில் முன் விளிம்பிலிருந்து 15 மி.மீ. தள்ளி 5 மி.மீ. ஆழக் கோடு ஒன்று. இந்தக் கோட்டைக் கல் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். பதித்தபின் வெட்ட முடியாது. உள்பக்கச் சில் வெளிப்பக்கத்தைவிடக் குறைந்தது 2 செ.மீ. உயரமாக இருக்கட்டும்.

மரம்

நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பி போட்ட பழைய ஜன்னலில் கீழ்க்கட்டையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கம்பி மரத்துக்குள் இறங்கும் துளையைச் சுற்றி சிறு குழி இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும். கம்பி துருப்பிடித்துப் பருத்து மரத்தை இழைவாக்கில் பிளந்திருக்கும். மேலே எனாமல் பெயிண்ட் ஒழுங்காக இருக்கும், அடியில் கட்டை உளுத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியை அழுத்துங்கள். நல்ல தேக்கில் 2, 3 மி.மீ.க்கு மேல் இறங்காது. 1 செ.மீ. வரை மெத்தென்று போனால் அந்த இடம் போய்விட்டது. ஈரமானி கிடைத்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தில் உளுப்பு தொடரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு நிலையையும் பெயர்க்கச் சொல்லும் யோசனைக்கு உடனே தலையாட்டாதீர்கள். அந்தக் காலத்துத் தேக்கு இன்று அதே தரத்தில் கிடைப்பது அரிது. நிலையைப் பெயர்த்தால் சுற்றிலும் சுவரும் சேர்ந்து உடையும். நல்ல ஆசாரி உளுத்த பகுதியை மட்டும், நல்ல மரத்துக்குள் 2, 3 இஞ்ச் தள்ளி அறுத்து, பழைய தேக்குத் துண்டைச் சாய்வுப் பொருத்தாக இணைத்துவிடுவார். தண்ணீர் வெளியே வழியும்படி சாய்வு இருக்க வேண்டும். பசை எபாக்சியாக இருக்கட்டும், சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். திருகு எவர்சில்வரோ பித்தளையோ. கம்பித் துளைகளைத் துரு நீக்கி, ப்ரைமர் அடித்து, எபாக்சிப் புட்டியால் மேடாக மூடுங்கள். சுவரோரம் மண் தடம் தெரிந்தால் கரையான் வந்தாயிற்று; அதற்கு மருந்து அடிக்காமல் மரவேலை தொடங்கக் கூடாது.

ஜன்னல் கதவின் அடி விளிம்பை யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாது, பிரஷ் போகாது. தண்ணீர் அங்கேதான் வந்து தொங்கி, மரத்தின் குறுக்குவெட்டு வழியாக உறிஞ்சப்படுகிறது. கதவைக் கழற்றி, அடி விளிம்புக்கு இரண்டு கோட் ப்ரைமர், இரண்டு கோட் எனாமல் அடியுங்கள். ஏசி ஓடும் அறைக்கு இது இன்னும் முக்கியம். குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் இரவெல்லாம் வேர்த்து, மழையே இல்லாமல் கீழ்ச்சட்டத்தை நனைக்கும்.

பழைய பெயிண்டை உலர வைத்துத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கம் விடாமல் செய்யுங்கள்.

பூச்சு

வெளியே வழி அடைத்தபிறகுதான் உள்ளே வர வேண்டும். ஊறிய பூச்சைச் சுத்தியால் தட்டினால் பொக்கு சத்தம் வரும். அந்த எல்லையிலிருந்து 1 அடி தள்ளிக் கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்புகளை 10 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்.

பூசுமுன் ஆணியால் பழைய பூச்சைக் கீறிப் பாருங்கள். எளிதாகப் பள்ளம் விழுந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரை. அங்கே சிமென்ட் பூசக் கூடாது. சிமென்ட் கெட்டி, சுவரின் ஈரம் வெளியேற முடியாமல் பின்னால் தங்கி, உப்பு அங்கேயே பூத்து, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பழுக்க வைத்த சுண்ணாம்பு 1, மணல் 3 என்று பூசத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமென்ட் பூச்சு. அதற்கு பி சாண்ட், அதாவது பூச்சுக்கான மணல், சேர்த்து சிமென்ட் 1, மணல் 5 போதும். 10 சதுர அடிக்கு 15 மி.மீ. கனத்தில் பூச 5 கிலோவுக்குள்தான் சிமென்ட் ஆகும். கலக்கும் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அந்த போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரிலேயே கலக்குங்கள். சென்னையில் நிறைய பேர் உப்பை விலைகொடுத்துச் சுவருக்குள் ஏற்றுவது இப்படித்தான். சிமென்ட் பூச்சு என்றால் 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். ஏப்ரல் வெயிலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள்.

உள்பக்கம் மட்டும் டேம்ப் ப்ரூஃப் கோட்டிங் அடித்து முடித்துவிடலாம் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் நிற்காது, ஒரு அடி தள்ளி வேறு இடத்தில் வெளிவரும். ஈரச்சுவர் ஒரு இஞ்ச் கனம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. நம் கோடையில் கொஞ்சம் சீக்கிரம் ஆகும். ஆகவே ஜனவரியில் பார்த்து, பிப்ரவரியில் கொத்தித் திறந்து, மார்ச், ஏப்ரலில் வெளிவேலை முடித்து, பாலிதீன் சோதனை மறுபடி செய்து காய்ந்தது உறுதியானபின் ஜூனில் உள்ளே பெயிண்ட். முதல் வருடம் டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ அடித்தால் சுவர் மூச்சுவிடும்.

ஏசி வைத்த வீடுகளுக்கு ஒன்று. ஸ்ப்ளிட் ஏசியின் செப்புக் குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் தாழ்ந்திருந்தால் மழை அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வரும். பழைய விண்டோ ஏசியை எடுத்த இடத்தில் பிளைவுட் அடித்து மூடியிருந்தால் அதுவும் ஒழுகும் வழிதான், செங்கல் வைத்துக் கட்டிவிடுங்கள்.

வேலை முடிந்த ஜன்னலுக்கு முதல் மழை வரும் ராத்திரி டார்ச்சோடு ஒரு முறை போங்கள். எங்காவது ஈரம் தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, தேதியும் காற்றின் திசையும் எழுதி வையுங்கள். அடுத்த மழையில் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுநாளே கொத்தனாரிடம் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். உள்ளேயே நின்றிருந்தால் சுவர் பழைய ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது, ஜனவரி வரை விடுங்கள்.